இறங்குதுறையில் பதினைந்து நிமிடம்

திருகோணமலைக்கு என்னைக் கூப்பிட்டது சைக்கிளுக்காக. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பைக் நிறுத்துமிடத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் மரம் நட்டு, மாணவர்களிடம் ஆறு மாதம் திட்டு வாங்கினேன். இந்தக் கதையை இணையக் கூட்டம் ஒன்றில் சொன்னபோது, திட்டு வாங்கிய பகுதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மரம் நட்ட பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டவர் டாக்டர் பாலேந்திரன். திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயன விரிவுரையாளர். அங்கே பசுமைப் போக்குவரத்துக் குழு என்று ஒன்று அமைத்து அதற்குத் தானே தலைவராகவும் இருக்கிறார்.

"ஒரு கிழமை வந்து நில்லுங்கோ. எங்கட பிள்ளையளும் ஆக்களும் எப்படி வந்து போகினம் எண்டு பார்த்து ஒரு திட்டம் எழுதித் தாங்கோ," என்றார். கிழமை என்றால் அவர்களுக்கு வாரம். சைக்கிள் பாதை, சைக்கிள் நிறுத்தம், பைக்குக்குக் கட்டுப்பாடு என்று படம் போட்டுக் காட்டத் தயார் செய்துகொண்டு, ஒரு திங்கட்கிழமை மதியம் போய் இறங்கினேன்.

கார் அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். போக்குவரத்துத் திட்டம் எழுத வந்தவள் காரில் போய் இறங்கினால் ஊர் சிரிக்காதா? பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கை மட்டும் காலி. நம்மூரில் துண்டு வீசி, சண்டை போட்டுப் பிடிக்க வேண்டிய இருக்கை. வெளியூர்க்காரிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்தபடி சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிஸ், குறை நினைக்கக் கூடாது. நீங்கள் ஐயரா, பாதிரியாரா, மௌலவியா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"மேல எழுதியிருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். 'மதகுருமாருக்கு' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. பஸ்ஸே சிரித்தது. நான் எழுந்துகொள்ள, மீன் கூடையோடு இருந்த ஒரு பெரியவர் தன் இடத்தைக் கொடுத்தார். அவமானம் ஒரு பக்கம். ஐம்பத்திரண்டு வயதில் என்னை ஒருவர் 'மிஸ்' என்று கூப்பிட்ட சந்தோஷம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

தங்கிய விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் சொதியும் தந்தார்கள். நாம் புட்டுக்குக் கடலைக் கறியும் பழமும் தேடுவோம். இவர்கள் தேங்காய்ப்பாலில் மஞ்சள் தட்டிய சொதியை மேலே ஊற்றி, கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலை ஓரத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை, அவர்களே போட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தெருவில் நின்றபோதே என் சைக்கிள் படங்களுக்கு வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. சேலை கட்டிய ஆசிரியைகள், கைப்பையைக் கூடையில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் முந்தானையையும் ஒரு கையால் சைக்கிளையும் பிடித்தபடி சர் சர்ரென்று போனார்கள். எங்கள் ஊரில் ஒரு பேராசிரியை சைக்கிளில் வந்தால் மறுநாள் பேப்பரில் போடுவார்கள். இங்கே அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளானேன்.

இருந்தாலும் வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. வளாகம் நகரத்துக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு சைக்கிள் சரி. தூரத்திலிருந்து வருபவர்கள் என்ன செய்கிறார்கள்? வாசலில் நின்று ஒரு பக்கப் படிவத்தைக் கொடுத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள். மாணவர்கள் பொறுமையாக எழுதினார்கள். சிலர் பின்பக்கமும் எழுதினார்கள். மாலைக்குள் ஒரு துணிப்பை நிறைந்துவிட்டது.

அந்தப் பையோடு கடற்கரைக்குப் போனது என் தவறு. அங்கே தள்ளுவண்டியில் இறால் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். வடை மேல் முழு இறால் மீசையோடு படுத்திருக்கும். நான்கு வாங்கி, எண்ணெய்க் கையைப் படிவம் ஒன்றில் துடைத்து, பையை மணலில் வைத்துவிட்டு அலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினால் ஒரு புள்ளிமான், வாயில் கற்றைத் தாள். இன்னும் மூன்று மான்கள் பைக்குள் முகத்தை விட்டிருந்தன. இந்த ஊரில் மான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி, நம்மூர் மாடுகள் போலத் தெருத்தெருவாகத் திரியும் என்று படித்திருந்தேன். நம்மூர் மாடு சினிமா போஸ்டர் தின்னும். இந்த ஊர் மான் ஆய்வுப் படிவம் தின்னும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

விரட்டினேன். அவை என்னைப் பார்த்த பார்வையில் பயம் துளியும் இல்லை. வடை விற்றவர், "விடுங்கோ மிஸ், தாளில எண்ணெய் பட்டிருக்கு. இனி அதுகள் விடாது," என்றார்.

பாலேந்திரனுக்குப் போன் செய்து சொன்னேன். "எந்தப் பக்கத்தைத் தின்னதுகள்? பஸ் பக்கமோ, சைக்கிள் பக்கமோ?" என்று கேட்டார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

புதன்கிழமை படிவத்தை நம்பவில்லை. பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஊழியரையும் மாணவரையும் நகரத்திலிருந்து ஏற்றிப்போக வளாகத்துக்குச் சொந்தமாக ஒரே ஒரு பஸ் இருக்கிறது. ஓட்டுபவர் நஸீர் நானா, கிண்ணியாக்காரர். நானா என்றால் அண்ணன். வளாகத்தில் எல்லோருக்குமே அவர் நானாதான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பாலேந்திரனும் அதில்தான் வருவார். வீட்டில் கார் இருக்கிறது. குழுத்தலைவரே காரில் வந்தால் யார் மதிப்பார்கள் என்று, மூன்று வருடமாகப் பஸ்தான். மூன்றாவது வரிசை சன்னலோரம் அவருடைய இடம்.

ஏழு மணிக்குக் கிளம்பிய பஸ் ஏழு ஐந்துக்குத் துறைமுகப் பக்கம் இறங்குதுறையில் நின்றது. நஸீர் நானா இயந்திரத்தை அணைத்ததுதான் தாமதம், பஸ் காலி. எல்லோரும் எதிரே இருந்த தேநீர்க் கடையில். நூலகர் ஒருவர் பேப்பர் விரித்தார். பதிவாளர் அலுவலகத்துப் பெண்மணி மகளுக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பாலேந்திரன் பால் சேர்க்காத இஞ்சிப் பிளேன்டீயோடு விடைத்தாள் திருத்தினார். நானும் உளுந்து வடை ஒன்றை வாங்கிக்கொண்டு, "இங்கே எதற்கு நிற்கிறோம்?" என்று நஸீர் நானாவிடம் கேட்டேன்.

"லோஞ்ச் வரவேணும் மிஸ். மூதூர் லோஞ்ச். ஏழு பதினைஞ்சுக்கு."

லோஞ்ச் என்பது குடாவின் அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் படகு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படகும் பஸ்ஸும் கைகோத்து நடக்கும் வளாகம்! இதைப் பற்றித்தானே நாங்கள் மாநாடு மாநாடாகப் பேசி, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம்? நோட்டை விரித்து 'படகில் வந்தோர்' என்று தலைப்பிட்டு, கட்டம் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். கையில் வடை ஆறிப்போனது.

ஏழு இருபதுக்கு ஹார்ன் அடித்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் துறை விளிம்பில்.

"லோஞ்ச் இன்னும் வரவில்லையே?" என்றேன்.

"ஓம், வராது," என்றார் நஸீர் நானா.

"இன்றைக்கு வராதா?"

"எண்டைக்குமே வராது மிஸ். பாலம் போட்ட பிறகு அந்தக் காலை லோஞ்ச் ஓடுற இல்ல."

"பாலம் எப்போது போட்டார்கள்?"

விரல் விட்டுப் பார்த்தார். "என்ட கடைசி மகள் பிறக்க முந்தி. அவ இப்ப பத்தாம் வகுப்பு."

அத்தனை வருடமும், காலை தோறும், வராத படகை எதிர்பார்த்து அந்தப் பஸ் பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். இருக்கைக்கு மேலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட தாளை எடுத்துக் காட்டினார். பஸ்ஸின் ஓட்ட அட்டவணை. 'இறங்குதுறை 7.05. லோஞ்ச் வந்ததும் புறப்படவும். வராவிட்டால் 7.20க்குப் புறப்படவும்.' வராவிட்டால் 7.20. அதன்படிதான் அவர் ஓட்டினார். ஒரு நாளும் ஒரு நிமிடம் முந்தியதில்லை என்பதில் அவருக்கு மிகுந்த பெருமை.

நான் விடவில்லை. என் கணினியில் சூரிய ஒளியில் ஓடும் படகுப் படம் ஒன்று இருந்தது. "அப்படியானால் அந்த லோஞ்சையே திரும்ப ஓட விட்டால் என்ன நானா? புகை இல்லை, நெரிசல் இல்லை." 

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் குலுங்கியது. "மிஸ், எங்கட வாப்பா காலத்தில இருந்து பாலம் வேணும் பாலம் வேணும் எண்டு கேட்டது. ஒரு பிள்ளத்தாச்சிய ஃபெரியில ஏத்திக்கொண்டு அக்கர போறதுக்குள்ள எங்களுக்கும் வயித்த வலிக்கும். இப்ப நீங்கள் வந்து திரும்பவும் தண்ணியில இறங்கச் சொல்றீங்கள். கிண்ணியாவில போய்ச் சொல்லிராதீங்க. தயிர்ச்சட்டிய எடுத்து எறிவாங்க." வளாகம் போய்ச் சேர்வதற்குள் படகுப் படத்தை அழித்துவிட்டேன்.

ஏழு நாற்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் மறுபடி படிவங்களோடு வாசலில் நின்றேன். இந்த முறை வடை இல்லை. எட்டு பத்துக்கு நிலாவெளிப் பஸ் ஒன்று வந்து நிற்க, அதிலிருந்து ஒரு பெண் குதித்து, வாசல் வரை ஓடிவந்து, காவலாளியின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டத்தை நிறுத்திச் சாவகாசமாக நடந்தாள். படிவத்தை நீட்டினேன்.

"நான் நேற்றே எழுதித் தந்தனான்தானே மிஸ். பின்பக்கமும் எழுதினனான்."

"அதை மான் தின்றுவிட்டதம்மா."

என்னை உற்றுப் பார்த்தாள். நான் கேலி செய்யவில்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள். "நல்ல காலம். மானாவது வாசிச்சிருக்கும்."

"வகுப்புக்கு நேரமாகவில்லையா?"

"எட்டு மணிக்குக் கதவு பூட்டியாச்சு. இனி என்ன அவசரம்?"

அவள் பெயர் துவாரகா. கிளிவெட்டி. மூதூருக்கும் தெற்கே உள்ள நெல் வயல் ஊர். இரண்டாம் வருடம். விடுதியில் இடம் முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான். நடுவில் இருப்பவர்கள் பாடு அவரவர் பாடு. விடியற்காலை ஐந்தரைக்கு வரும் முதல் பஸ்ஸில் ஏறினால் ஏழு இருபதுக்குத் திருகோணமலை பஸ் நிலையம். அந்த நேரம் வளாகத்துப் பஸ் இறங்குதுறையிலிருந்து கிளம்பி, பஸ் நிலையத்துப் பக்கமே வராமல் கடலோர வீதி வழியே போய்விடும். அடுத்து ஏழரைக்கு நிலாவெளிப் பஸ். அது நிற்காத இடமில்லை.

புதனும் வெள்ளியும் எட்டு மணிக்கு அவளுக்கு ஆய்வுகூட வகுப்பு. எண்பது சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

"வகுப்புத் தொடங்கின நாளில இருந்து இண்டையோட அஞ்சு நாளும் போச்சு மிஸ். வெள்ளிக்கிழமையும் வெளியில நிண்டனெண்டால் சரி. எண்பது இல்லை. இந்த வருஷத்தை முழுக்கத் திரும்பப் படிக்கவேணும். திரும்ப ஒரு வருஷம் எண்டால் வீட்டில அனுப்பமாட்டினம்."

"எழுதிக் கொடுத்தாயா?"

"போக்குவரத்துப் பிரிவுக்குக் கடிதம் குடுத்தனான். பஸ் லோஞ்ச் நேரத்துக்கு ஏற்ப ஓடுது எண்டு பதில் வந்தது. சேரிட்டயும் சொன்னனான். முதல் பஸ்ஸில வாரும் எண்டார். முதல் பஸ்ஸிலதான் வாறன்."

"யார் அந்த சேர்?"

"பாலேந்திரன் சேர்."

பதினைந்து நிமிடம் இறங்குதுறையில் பிளேன்டீ குடித்துவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கி, எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுகிற மனிதர், மான் எந்தப் பக்கம் தின்றது என்று கேட்ட அதே மனிதர். சைக்கிளுக்காக வந்த எனக்கு இது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை பஸ் நிலையத்தில் போய் நின்றேன். அவள் சொன்னது சரிதானா என்று பார்க்க. ஏழு இருபதுக்கு மூதூர்ப் பக்கத்துப் பஸ் வந்தது. துவாரகா இறங்கினாள். சந்தி முனையில் வளாகத்துப் பஸ் கடலோர வீதிக்குத் திரும்புவது இருவருக்கும் தெரிந்தது. "ஓடிப் பார்த்தனான் மிஸ், ரெண்டு தரம்," என்றாள். "பின்கண்ணாடியில சேரின்ர தலை தெரியும்." அவளோடு நிலாவெளிப் பஸ்ஸில் ஏறினேன். ஒரு இடத்தில் கோழிக்கூடு ஏற்றினார்கள். ஒரு இடத்தில் கண்டக்டர் இறங்கிப் போய்த் தன் வீட்டு மதில் வழியே சாப்பாட்டுப் பொதி வாங்கிவந்தார். எட்டு பத்துக்கு வளாகம். எனக்கு அந்தப் பயணம் மிகவும் பிடித்திருந்தது. எனக்குப் பரீட்சை இல்லை.

பத்து மணிக்குக் குழுக் கூட்டம். சுவரில் 'நிலைபேறான போக்குவரத்து' என்று பதாகை. பற்றீஸ், ரோல்ஸ், பிளேன்டீ. நான் சைக்கிள் படங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, "நாளைக்கே செய்யக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது. இறங்குதுறையில் நிற்பதை விட்டுவிட்டுப் பஸ் நிலையத்தில் நின்றால் போதும்," என்றேன்.

சாமியறையில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பேப்பர் படிக்க முடிகிறது என்றார் நூலகர். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் மகளுக்குப் பின்னக் கணக்கு வருகிறது என்றார் பதிவாளர் அலுவலகப் பெண்மணி. தேநீர்க் கடைக்கார அம்மா என்ன ஆவார் என்றார் இன்னொருவர். அட்டவணையை மாற்றச் சுற்றறிக்கை வேண்டும் என்றார் மற்றொருவர். படகு ஒரு நாள் திரும்ப ஓடினால் என்ன செய்வது என்றுகூட ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கடை வடை மேல் ஒரு கண் இருந்தது. ஆனாலும் கோபம் வந்தது.

"உங்களுடைய மாணவி ஒருத்தி வகுப்புக்கு வெளியே நிற்கிறாள்," என்றேன் பாலேந்திரனிடம். "அந்தப் பஸ் கிடைக்காமல்தான்."

"பிந்தி வாறவை எப்பவும் ஒரு காரணம் வைச்சிருப்பினம் மிஸ். ஒருத்தருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கவேணும்." குரலில் கடுமை இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம்.

"சரி. தினமும் ஏழு ஐந்திலிருந்து ஏழு இருபது வரை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"இறங்குதுறையில."

"எதற்காக?"

"லோஞ்சுக்காக."

"அந்த லோஞ்சில் யார் வருவார்கள்?"

"மூதூர்ப் பக்கத்துப் பிள்ளையள்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கையில் எடுத்த ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார். மின்விசிறி பதாகையை அசைத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் செய்து பார்ப்பம்," என்றார் கடைசியில். "ஆனால் கதவு எட்டு மணிக்குத்தான்."

வெள்ளிக்கிழமை ஏழு பத்துக்குப் பஸ் நிலையத்தில் போய் நின்றோம். பிளேன்டீ இல்லாத பஸ் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். நூலகர் பேப்பரை விரிக்கவே இல்லை. பின்னக் கணக்குக்காரப் பெண்மணி என் பக்கம் திரும்பவில்லை. நஸீர் நானா மட்டும் புதுமாப்பிள்ளை போல இருந்தார். அட்டவணையை மீறுவது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

ஏழு இருபது. மூதூர்ப் பக்கத்துப் பஸ் வரவில்லை. ஏழு இருபத்தைந்து. வரவில்லை. ஏழரைக்கு நிலாவெளிப் பஸ் எங்களைத் தாண்டிக் கிளம்பிப் போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இவர்களாவது நிம்மதியாகத் தேநீர் குடித்திருப்பார்கள். அவளுக்கும் இனி எதுவும் கிடைக்காது. "நாங்கள் எல்லாரும் பிந்தப் போறம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாலேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நானா, இனிக் கிளம்புவமோ?" என்றார்.

நஸீர் நானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வராத லோஞ்சுக்கு இவ்வளவு வருஷம் நிண்டனான் சேர். வாற பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் நிக்க ஏலாதா?"

பாலேந்திரன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏழு நாற்பதுக்கு அந்தப் பஸ் வந்தது. வழியில் எருமைக் கூட்டம் வீதியை விட்டு இறங்க மறுத்ததாம். துவாரகா குதித்து இறங்கி, பழக்க தோஷத்தில் எங்களைத் தாண்டி நிலாவெளிப் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். அங்கே பஸ் இல்லை. வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நஸீர் நானா ஹார்னை அழுத்திய அழுத்தில் பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை. தனக்காக ஒரு பஸ் ஹார்ன் அடிக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலும். பின்னக் கணக்குக்காரப் பெண்மணிதான் சன்னலில் தலையை நீட்டி, "பிள்ளை! இஞ்சால வாரும்! உமக்குத்தான் நிக்கிறம்!" என்று கத்தினார்.

அவள் ஏறியதும் நஸீர் நானா ஓட்டினார் பாருங்கள், அதை எந்த அட்டவணையிலும் போட முடியாது. வளாகத்துக்குள் நுழையும்போது எட்டு மணி ஒன்று.

பாலேந்திரன் இறங்கி ஓடினார். அவர் பின்னால் துவாரகா. அவள் பின்னால், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தும், நான். ஆய்வுகூடம் வளாகத்தின் மறுகோடி. போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐந்து. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'காலை எட்டு மணிக்குப் பின்னர் எவருக்கும் அனுமதி இல்லை.' கீழே பாலேந்திரனின் கையெழுத்து.

உள்ளேயிருந்து ஆய்வுகூட உதவியாளர் சுதன் வந்தார். சேரைக் கண்டதும் தாழ்ப்பாளில் கை வைத்தார். பின்னால் நின்ற துவாரகாவைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

"சேர், உங்களை விடலாம். பிள்ளையை விட ஏலாது. நீங்கள்தான் எழுதி ஒட்டினனீங்கள்." கேலியாகச் சொல்லவில்லை. ஒருமுறை இரக்கப்பட்டுத் திறந்து, இவரிடமே ஏச்சு வாங்கியவராம்.

பாலேந்திரன் மூச்சு வாங்க நின்று தன் அறிவித்தலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார்.

"எவருக்கும் எண்டுதான் எழுதியிருக்கிறன்," என்றார். பிறகு கண்ணாடியருகே போய், "சுதன், நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில வந்தனாங்கள். ரெண்டு பேரும் பிந்திட்டம். விட்டால் ரெண்டு பேரையும் விடும். இல்லாட்டி ரெண்டு பேரும் வெளியில நிக்கிறம்," என்றார்.

சுதன் ஒரு கணம் யோசித்தார். தாழ்ப்பாள் விலகியது.

"நீர் முதல் போம், பிள்ளை," என்று பாலேந்திரன் ஒதுங்கி நின்றார். ஒரு வாரமாக அந்த ஊரில் எத்தனையோ பேர் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டேன். ஒருத்தி உள்ளே போவதைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றது இதுதான் முதல் தடவை.

அவர் மேசைக்குப் போய் வரவுப் பதிவேட்டை எடுத்தார். கடைசியில் 'பிந்தி வந்தோர்' என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் அன்றைய தேதியைப் போட்டு, ஒரே ஒரு பெயரை எழுதினார். க. பாலேந்திரன். பிறகு முன்பக்கத்தைப் புரட்டி, துவாரகாவின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. வெள்ளை அங்கியின் பொத்தானைக்கூட முழுதாகப் போடாமல், கண்ணாடிக் குழாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி அளவு பார்க்கத் தொடங்கியிருந்தாள்.